சூரியனுக்குத் திரை போடலாமா? – வாசகர் கேள்வி பதில்

சூரிய ஒளியின் ஒரு பங்கை விண்வெளிக்கே திருப்பி அனுப்பிப் பூமியைக் குளிர்விக்க முடியுமா என்று ஆராய்வதற்கு, பிரிட்டன் அரசின் 'ஏரியா' என்னும் ஆராய்ச்சி முகமை 2025ஆம் ஆண்டில் சுமார் 5.7 கோடி பவுண்டு ஒதுக்கிய செய்தியைச் சென்ற இதழில் வெளியிட்டிருந்தோம். அதைப் படித்துவிட்டு மதுரையிலிருந்தும் சுற்றுவட்டாரத்திலிருந்தும் பலர் எழுதியிருக்கிறார்கள். கடிதங்களில் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளைத் தேர்ந்தெடுத்து, இம்முறை பகுதி முழுவதையும் இந்த ஒரு பொருளுக்கே தந்திருக்கிறோம்.

கேள்வி: சூரியனை மறைத்துப் பூமியைக் குளிர்விப்பது நடக்கிற காரியமா, வெறும் கற்பனையா?
– கல்லூரி மாணவர், திருநகர்

பதில்: இயற்கை ஒருமுறை செய்து காட்டியதைப் பார்த்துத்தான் இந்த யோசனைக்கு வலுவே வந்தது. 1991 ஜூன் மாதம் பிலிப்பைன்ஸ் நாட்டின் பினட்டுபோ எரிமலை வெடித்தபோது 1.5 கோடி டன்னுக்குக் குறையாத கந்தக டை-ஆக்சைடு, மேகங்களுக்கெல்லாம் மேலே உள்ள ஸ்ட்ரேட்டோஸ்பியர் அடுக்குக்குள் ஏறியது. அங்கே அது கந்தக அமிலத்தின் நுண்துளிகளாக மாறி உலகெங்கும் மெல்லிய படலமாகப் பரவி, வெயிலில் ஒரு சிறு பங்கைத் திருப்பி அனுப்பியது. அடுத்த ஆண்டு உலகின் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 0.5 டிகிரி செல்சியஸ் இறங்கியது. தரைக்கு அருகே கலக்கும் புகை சில நாட்களில் மழையோடு கீழே வந்துவிடும். மழையே பிறக்காத அந்த உயரத்தில் சேர்ந்தது ஓரிரு ஆண்டுகள் அங்கேயே தங்கிவிடும். இதையே விமானங்களைக் கொண்டு ஆண்டுதோறும் செய்தால் என்ன என்பதுதான் இன்று அதிகம் பேசப்படும் திட்டம்.

பினட்டுபோவுக்கு முன்பே, 1974இல், சோவியத் விஞ்ஞானி மிகைல் புடிகோ இந்த வழியைச் சொல்லியிருந்தார். ஆனால் நெடுங்காலம் மரியாதையுள்ள ஆய்வாளர்களில் பெரும்பாலோர் இதைத் தொடத் தயங்கினார்கள். ஓசோன் ஆய்வுக்காக 1995இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட பால் குருட்சன் 2006இல் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிய பிறகே தயக்கம் விலகியது. கரியமில வாயுவைக் குறைப்பதே சரியான வழி, ஆனால் உலக நாடுகள் அதைச் செய்யும் என்ற நம்பிக்கை எனக்குத் தேய்ந்துவருகிறது, ஆகவே இதையும் ஆராய்ந்து வைப்போம் என்பது அவருடைய வாதத்தின் சாரம்.

இதைத் தவிர வேறு முறைகளும் உண்டு. கடல்மேல் தாழ்ந்து படர்ந்திருக்கும் மேகங்களில் உப்புநீரைப் பனிபோலத் தெளித்து அவற்றை இன்னும் வெண்மையாக்குவது ஒன்று. ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத் திட்டின்மேல் 2020 முதல் சிறிய அளவில் சோதித்து வருகிறார்கள். காற்றிலிருந்து கரியமில வாயுவையே பிரித்தெடுத்துப் புதைப்பது முற்றிலும் வேறு வகை. அது நோயின் காரணத்தைத் தொடுகிறது; மற்றவை காய்ச்சலை மட்டும் இறக்குகின்றன. இரண்டையும் 'புவிப்பொறியியல்' என்ற ஒரே பெயரில் அடக்கிவிடுவதால் விவாதத்தில் குழப்பம் நேர்கிறது.

நடக்கிற காரியமா என்று கேட்டீர்கள். நம் அட்சரேகையில் ஸ்ட்ரேட்டோஸ்பியர் சுமார் 17 கி.மீ. உயரத்தில்தான் தொடங்குகிறது. ஏறத்தாழ 20 கி.மீ. உயரத்துக்குப் பெருஞ்சுமையோடு ஏறிச் செல்லும் விமானம் இன்று எவரிடமும் இல்லை. அதை வடிவமைப்பதில் அடிப்படைத் தடை எதுவும் இருப்பதாகவும் பொறியாளர்கள் கருதவில்லை. முதல் 15 ஆண்டுகளுக்கு ஆண்டுக்குச் சராசரியாக 225 கோடி டாலர் செலவாகும் என்று 2018இல் வெளியான ஒரு கணக்கீடு கூறுகிறது. உலகம் முழுவதையும் பாதிக்கும் ஒரு காரியத்துக்கு இது மிக மலிவான விலை. நடுத்தர வசதியுள்ள ஒரு நாடு எவரையும் கேட்காமல் தொடங்கிவிடக்கூடிய தொகை இது என்பதுதான் பயப்பட வேண்டிய விஷயம்.

கேள்வி: கள்ளந்திரிக்குக் கீழே எங்களுடையது ஒருபோக நிலம். ஜூனில் மேலே தண்ணீர் திறந்தாலும் எங்களுக்குச் செப்டம்பரில்தான். வானத்தில் மருந்து தெளித்தால் எங்களுக்கு மழை கூடுமா, குறையுமா? அதை மட்டும் சொல்லுங்கள், ஐயா.
– விவசாயி, மேலூர் வட்டம்

பதில்: வந்த கடிதங்களில் மிக முக்கியமான கேள்வி உங்களுடையதுதான் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் உறுதியாகத் தெரிந்தவை. கரியமில வாயுவால் ஏறும் வெப்பத்தை வெயிலைக் குறைத்து ஈடுகட்டினால், வெப்பநிலை பழைய நிலைக்குத் திரும்பும். மழை அப்படித் திரும்பாது, பழைய அளவுக்கும் கீழே போகும். தரைக்கும் கடலுக்கும் வந்து சேரும் வெயில் குறையும்போது ஆவியாகும் நீரும் குறைகிறது, ஆவி குறைந்தால் உலகின் மொத்த மழையும் குறைகிறது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் கோவிந்தசாமி பாலா வேறு இரு அமெரிக்க ஆய்வாளர்களோடு சேர்ந்து 2008இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாக விளக்கியது. பினட்டுபோ வெடித்ததற்கு அடுத்த ஆண்டில் உலகின் நிலப்பரப்பில் மழையும் ஆறுகளின் நீர்வரத்தும் குறைந்ததை அளவீடுகளே காட்டின.

அடுத்து, துகளை எங்கே தூவுகிறார்கள் என்பது, எவ்வளவு தூவுகிறார்கள் என்பதற்குச் சற்றும் குறையாத முக்கியத்துவம் உடையது. வெப்பமண்டலத்தின் மழைப்பட்டை, பூமியின் எந்தப் பாதி அதிகம் வெப்பமாக இருக்கிறதோ அந்தப் பக்கம் நகரும் இயல்புடையது. வடபாதியில் மட்டும் படலத்தைப் பரப்பினால் மழைப்பட்டை தெற்கே தள்ளப்படும். ஆப்பிரிக்காவின் சஹாராவுக்குத் தெற்கே உள்ள சாஹேல் பகுதியில் இருபதாம் நூற்றாண்டில் நேர்ந்த மிகக் கடுமையான நான்கு வறட்சிக் கோடைகளில் மூன்று, வடபாதியில் பெரிய எரிமலைகள் வெடித்ததை அடுத்து வந்தவை என்று பிரிட்டன் ஆய்வாளர்கள் 2013இல் எடுத்துக்காட்டினார்கள். துருவப் பனியைக் காப்பதற்காக ஆர்க்டிக் வானத்தில் மட்டும் தூவினால்கூட இந்தியப் பருவமழை குறையும் என்று பாலாவின் குழு பிறகு கணித்தது. இரு பாதியிலும் அளவறிந்து பிரித்துத் தூவினால் இந்தத் தீமை பெருமளவு தணியும் என்பதும் கணினி மாதிரிகளில் தெரிகிறது. ஆனால் அளவறிந்து தூவும் அந்தப் பொறுமையும் ஒழுங்கும் நூறாண்டு நீடிக்கும் என்று எவர் உத்தரவாதம் தருவார்?

இனி மேலூருக்கு வருவோம். பெரியாறு, வைகைப் பாசனத்தில் கள்ளந்திரி வரையுள்ள இருபோக ஆயக்கட்டு 45,041 ஏக்கர். உங்கள் மேலூர் ஒருபோகம் 85,563 ஏக்கர். திருமங்கலம் ஒருபோகம் 19,439 ஏக்கர். 1895 முதல் இந்த நிலங்களுக்குத் தென்மேற்குப் பருவமழை மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து, பெரியாறு அணை வழியாகச் சுரங்கத்தில் வருகிறது. வடகிழக்குப் பருவமழை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை நேரடியாக நம் கண்மாய்களில் விழுகிறது. இரண்டில் ஒன்று பொய்த்தாலும் மற்றொன்று ஓரளவு தாங்கிப்பிடிக்கும். இரண்டும் சேர்ந்து பொய்த்த ஆண்டுகள் எப்படி இருக்கும் என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

உலகப் பருவநிலை மாதிரிகள் பூமியைப் பெரும்பாலும் 100 கி.மீ. பக்கமுள்ள கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடுகின்றன. மழை கொட்டும் பெரியாறு நீர்ப்பிடிப்பும், மழை மறைவில் கிடக்கும் கம்பம் பள்ளத்தாக்கும் அத்தகைய ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடும். மலையின் இரு பக்கத்தையும் பிரித்துப் பார்க்காத ஒரு கணக்கு, கள்ளந்திரிக்குக் கீழே தண்ணீர் வருமா என்பதற்கு விடை தராது. மேலும், இந்தியாவைப் பற்றிய ஆய்வுகளில் பெரும்பாலானவை தென்மேற்குப் பருவமழையையே அளவுகோலாகக் கொள்கின்றன. 'இந்தியப் பருவமழை' என்று எழுதும்போது ஜூனிலிருந்து செப்டம்பர் வரை கணக்கெடுத்துவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். நம் கண்மாய் நிறைவது அதற்குப் பிறகு. ஆகவே உங்கள் நிலத்துக்கு மழை கூடும் என்றோ குறையும் என்றோ இன்று ஒற்றைச் சொல்லில் உறுதி கூறுகிறவர் யாராக இருந்தாலும் நம்ப வேண்டாம்.

வெயில் குறைந்தால் பயிருக்குச் சூடு தணிந்து விளைச்சல் கூடாதா என்றும் கடிதத்தின் கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். பினட்டுபோ, மெக்சிகோவின் எல் சிச்சோன் ஆகிய இரு எரிமலை வெடிப்புகளின் விளைச்சல் புள்ளிவிவரங்களை ஆராய்ந்து 2018இல் வெளியான ஒரு கட்டுரை, சூடு தணிவதால் வரும் ஆதாயத்தை ஒளி குறைவதால் வரும் நட்டம் தின்றுவிடுகிறது என்று முடிவு சொல்கிறது.

கேள்வி: எங்கள் வீட்டுக்கு மேலே விமானங்கள் நீண்ட வெள்ளைக் கோடு போட்டுக்கொண்டு போகின்றன. இது ரகசியமாக ரசாயனம் தெளிப்பதுதான் என்று வாட்ஸ்அப்பில் காணொளி வருகிறது. உண்மையா?
– இல்லத்தரசி, அவனியாபுரம்

பதில்: இல்லை. மதுரையில் இறங்கும் விமானங்கள் உங்கள் வீட்டைத் தாழ்வாகக் கடக்கின்றன; அவை கோடு போடுவதில்லை என்பதை நீங்களே கவனித்திருப்பீர்கள். கோடு போடுபவை 10 முதல் 12 கி.மீ. உயரத்தில் மதுரையில் நிற்காமல் கடந்து போகிறவை. அந்த உயரத்தில் காற்று மைனஸ் 40 டிகிரிக்கும் கீழே இருக்கும். எஞ்சினிலிருந்து வரும் நீராவி அங்கே உடனே உறைந்து பனித்துகளாகிறது. காற்று வறண்டிருந்தால் கோடு நொடிகளில் மறையும், ஈரமாக இருந்தால் நெடுநேரம் நின்று அகன்று பரவும். விந்தை என்னவென்றால், இந்தக் கோடுகள் பூமியிலிருந்து வெளியேறும் வெப்பத்தைப் பிடித்துவைப்பதால் மொத்தத்தில் சிறிது சூடேற்றவே செய்கின்றன. ரகசியமாகக் குளிர்விக்க விரும்புகிறவர் இந்த வழியைத் தேர்ந்தெடுக்க மாட்டார்.

கேள்வி: செயற்கை மழையும் இதுவும் ஒன்றுதானா? எங்கள் பக்கம் 58 கிராமக் கால்வாயில் தண்ணீர் வராத ஆண்டுகளில், விமானத்தை விட்டாவது மழை பெய்விக்கக் கூடாதா என்று பேச்சு எழுகிறது.
– ஓய்வுபெற்ற கூட்டுறவு அலுவலர், உசிலம்பட்டி

பதில்: ஒன்றல்ல. செயற்கை மழை என்பது ஏற்கெனவே திரண்டிருக்கும் மேகத்தில் உப்புத் துகளையோ வெள்ளி அயோடைடையோ தூவி, பெய்யவிருக்கும் மழையைச் சற்றுக் கூட்டுவது. அதன் வீச்சு சில பத்து கிலோமீட்டர். காலம் சில மணி நேரம். புனே வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் 2018, 2019 ஆண்டுகளில் சோலாப்பூர் வட்டாரத்தில் முறையாகச் சோதித்துப் பார்த்தபோது, தகுந்த மேகங்கள் கிடைத்த நாட்களில் மழை சராசரியாக 18 சதவீதம் கூடியது. மேகமே இல்லாத வானத்தில் தூவிப் பயனில்லை. 2025 அக்டோபரில் டெல்லியில் காற்று மாசைக் குறைப்பதற்காக நடத்திய முயற்சி, ஈரப்பதம் போதாமல் மழையின்றி முடிந்தது. கால்வாயில் தண்ணீர் வராத ஆண்டு என்பது பெரும்பாலும் மேகமும் வராத ஆண்டு. வறட்சிக்கு மருந்தாக இதை நம்புவது வீண்.

ஆனாலும் செயற்கை மழையின் வரலாறு ஒரு விதத்தில் பயன்படுகிறது. வியட்நாம் போரில் 1967 முதல் 1972 வரை அமெரிக்க விமானப்படை எதிரியின் பாதைகளைச் சேறாக்குவதற்காக மேகங்களில் ரகசியமாகத் துகள் தூவியது. அது அம்பலமானதன் விளைவாகவே, வானிலையைப் போர்க்கருவியாக்கக் கூடாது என்ற உலக ஒப்பந்தம் 1976இல் பிறந்தது. இந்தியாவும் அதில் உறுப்பு நாடு. நல்லெண்ணத்தோடு செய்வதாகச் சொல்லும் எதையும் அந்த ஒப்பந்தம் தடுப்பதில்லை.

கேள்வி: பாறைத் தூளை வயலில் போட்டால் காற்றிலுள்ள கரியமில வாயு குறையும், அதற்குப் பணமும் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். எங்கள் ஊரைச் சுற்றி கிரானைட் குவாரிக் கழிவு மலைபோல் கிடக்கிறது. அதைப் போடலாமா?
– வாசகர், கீழவளவு

பதில்: கேள்விப்பட்டது சரி, கல்தான் சரியில்லை. மழைநீர் காற்றிலுள்ள கரியமில வாயுவைக் கரைத்து மென்மையான அமிலமாக மாறி, சிலிக்கேட் பாறையை மெல்ல அரிக்கிறது. அப்போது அந்த வாயு பைகார்பனேட்டாக மாறி ஆற்றோடு கடலுக்குப் போய் நெடுங்காலம் அங்கேயே தங்குகிறது. பாறையைத் தூளாக்கினால் இந்த வேலை விரைவாக நடக்கும். இந்தியாவில் சிறு நெல் விவசாயிகளின் வயல்களில் பசால்ட் தூளைப் பரப்பும் மாட்டி கார்பன் என்ற அமைப்புக்கு 2025 ஏப்ரலில் கரிம நீக்கத்துக்கான எக்ஸ்பிரைஸ் போட்டியின் முதற்பரிசாக 5 கோடி டாலர் கிடைத்தது. பசால்ட் என்பது தக்காணத்தின் கரும்பாறை. அதில் கால்சியமும் மெக்னீசியமும் மிகுதி. அரிப்புக்கு விரைவில் இணங்கும். கிரானைட்டில் பெரும்பகுதி குவார்ட்சு, ஃபெல்ஸ்பார் என்னும், எளிதில் அரிபடாத கனிமங்கள். ஆயிரமாண்டு மழைக்கும் அசையாமல் நம் குடைவரைக் கோயில்கள் நிற்பதற்குக் காரணமான அதே குணம், இந்த வேலைக்கு அதைப் பயனற்றதாக்குகிறது. கல் அறுக்கும்போது வரும் குழம்பில் வேறு உலோகத் துகள்களும் கலந்திருக்கக்கூடும். உலர்ந்த கிரானைட் தூளைச் சுவாசித்தால் நுரையீரலில் சிலிகோசிஸ் நோய் வரும் என்பதைக் குவாரியில் வேலை பார்த்தவர்கள் உள்ள வீடுகளுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. வயலில் போட வேண்டாம்.

மானாமதுரையிலிருந்து ஒருவர், சீமைக்கருவேலங்கரியும் இந்தக் கணக்கில் வருமா என்று கேட்டிருக்கிறார். மூட்டம் போட்டு எடுத்த கரியை மூட்டை கட்டி அடுப்புக்கு அனுப்பினால் அது மறுபடி காற்றில்தான் கலக்கும். அதில் நீக்கம் எதுவும் இல்லை. மண்ணில் சேர்த்தால் கரி நூறாண்டுகளுக்கு மேலும் மக்காமல் கிடக்கும் என்பதால் அது கணக்கில் வரும். ஆனால் நம் பழைய மண்மூட்டம் புகையோடு மீத்தேனையும் விடுவதால் ஆதாயத்தில் ஒரு பங்கு அங்கேயே போய்விடுகிறது. புகையை எரித்துவிடும் உலைகள் தேவை.

கேள்வி: ஒரு நாடோ ஒரு தனியார் நிறுவனமோ நாளைக்கே இதைத் தொடங்கினால், எந்தச் சட்டத்தின்கீழ் எவரிடம் முறையிடுவது?
– வழக்கறிஞர், உயர் நீதிமன்ற மதுரைக் கிளை

பதில்: ஸ்ட்ரேட்டோஸ்பியரில் துகள் தூவுவதற்கென்று தனியாக எந்த உலக ஒப்பந்தமும் இல்லை என்பதே நேரான விடை. அருகில் வருபவை சில உண்டு. உயிரியல் பன்மய உடன்படிக்கையின் உறுப்பு நாடுகள் 2010இல் ஜப்பானின் நகோயாவில் கூடியபோது, போதிய அறிவியல் அடிப்படை உருவாகும் வரை, உயிரினங்களைப் பாதிக்கக்கூடிய பருவநிலைப் பொறியியல் செயல்களில் ஈடுபடக் கூடாது, கட்டுப்பாடான சிறு ஆய்வுகளுக்கு மட்டும் விலக்கு உண்டு என்று தீர்மானித்தன. அது கட்டாயப்படுத்தும் சட்டமல்ல. அமெரிக்கா அந்த உடன்படிக்கையிலேயே இல்லை. கடலில் கழிவு கொட்டுவதைத் தடுக்கும் லண்டன் நெறிமுறையில், கடலில் செய்யும் புவிப்பொறியியலைக் கட்டுப்படுத்த 2013இல் ஒரு திருத்தம் சேர்த்தார்கள். அது கடலுக்கு மட்டும்தான். 2024இல் நைரோபியில் நடந்த ஐ.நா. சுற்றுச்சூழல் பேரவையில், இந்தப் பொருளை ஆராய ஒரு நிபுணர் குழு அமைக்கலாம் என்று சுவிட்சர்லாந்து கொண்டுவந்த தீர்மானமே உடன்பாடு எட்டாமல் திரும்பப் பெறப்பட்டது. குழு அமைப்பதற்கே ஒத்துக்கொள்ளாத உலகம், தூவும் அளவைப் பற்றி ஒத்துக்கொள்ளுமா என்று எண்ணிப் பாருங்கள்.

தனியாரைப் பற்றி நீங்கள் கேட்டது வெறும் கற்பனையல்ல. 2022இல் 'மேக் சன்செட்ஸ்' என்ற அமெரிக்கச் சிறு நிறுவனம், மெக்சிகோவின் பாஹா கலிஃபோர்னியாவில் அனுமதி ஏதும் கேட்காமல் கந்தக டை-ஆக்சைடு நிரப்பிய பலூன்களை ஏவியது. அளவு சில கிராம்தான், பருவநிலையில் எந்த மாற்றமும் நேராது. ஆனாலும் 2023 ஜனவரியில் மெக்சிகோ அரசு இத்தகைய சோதனைகளைத் தடை செய்யப்போவதாக அறிவித்தது. 'ஸ்டார்டஸ்ட்' என்ற இன்னொரு நிறுவனம் 2025இல் 6 கோடி டாலர் முதலீடு திரட்டியிருக்கிறது. தூவும் துகளுக்குக் காப்புரிமை பெற்று அரசுகளுக்கு விற்பது அதன் தொழில் திட்டம். வைகை தண்ணீரைப் பங்கிடுவதற்கே இத்தனை அரசாணைகளும் இத்தனை வழக்குகளும் இருக்கும்போது, வானத்தின் ஒளியைக் கூட்டிக் குறைக்கும் குழாயின் திருகு ஒரு முதலீட்டாளர் கையில் இருப்பது எனக்கு ஏற்கத் தக்கதாகத் தெரியவில்லை.

நீதிமன்றத்தில் எதை நிரூபிக்க முடியும் என்பது தனிச் சிக்கல். தூவத் தொடங்கிய மறு ஆண்டு வடகிழக்குப் பருவமழை பொய்த்தால், அது தூவியதால் பொய்த்ததா, வழக்கமாகவே பொய்க்கும் ஆண்டா என்பதை ஓராண்டுக் கணக்கைக்கொண்டு பிரித்துச் சொல்ல எந்த விஞ்ஞானியாலும் ஆகாது. இழப்பீடு கேட்பவருக்கும் ஆதாரம் இருக்காது, மறுப்பவருக்கும் இருக்காது.

கேள்வி: அப்படியானால் ஆராய்ச்சியையே நிறுத்திவிட வேண்டியதுதானே? மருந்து இருக்கிறது என்று தெரிந்தால் பத்தியம் இருப்பார் யார்? உங்கள் நிலைப்பாட்டை மழுப்பாமல் எழுதவும்.
– ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், திருமங்கலம்

பதில்: பயன்படுத்துவதற்கு நான் எதிர்ப்பு. ஆராய்ச்சிக்கு, அதுவும் அரசுப் பணத்தில் அனைவர் பார்வையிலும் நடக்கும் ஆராய்ச்சிக்கு, நான் ஆதரவு. இவை இரண்டும் முரண் என்று பல அறிஞர்கள் கருதுகிறார்கள். 2022 ஜனவரியில், இந்தத் தொழில்நுட்பத்தையே பயன்படுத்துவதில்லை என்று உலக நாடுகள் ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும், அரசுகள் இதை உருவாக்கப் பணம் தரக் கூடாது என்று கோரி ஒரு பகிரங்கக் கடிதம் வெளியிட்டார்கள். அவர்களுடைய பயம் நீங்கள் சொல்லும் பத்தியத்தைப் பற்றியதுதான். அந்தப் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. நிலக்கரியும் எண்ணெயும் விற்பவர்களுக்கு இதைவிட வசதியான சாக்கு கிடைக்காது.

இருந்தும் ஆராய்ச்சி வேண்டும் என்று நான் சொல்வதற்கு நம் நாடே பங்கெடுத்த ஒரு சோதனை காரணம். இரும்புச் சத்தைக் கடலில் தூவினால் பாசி செழித்து, கரியமில வாயுவை உண்டு, இறந்து, ஆழத்தில் படியும் என்று ஒரு காலத்தில் பெரிய நம்பிக்கை இருந்தது. கோவாவிலுள்ள தேசியக் கடலியல் நிறுவனமும் ஜெர்மனியின் ஆல்ஃபிரட் வெகனர் நிறுவனமும் சேர்ந்து 2009இல் 'லோஹாஃபெக்ஸ்' என்ற பெயரில் 'போலார்ஸ்டெர்ன்' கப்பலில் தென் அட்லாண்டிக் கடலுக்குச் சென்று, சுமார் 300 சதுர கி.மீ. பரப்பில் இரும்பைக் கரைத்துப் பார்த்தன. பாசி வளர்ந்தது. ஆனால் அந்தக் கடற்பகுதியில் சிலிக்கா குறைவு என்பதால், அதைக்கொண்டே கனமான ஓடு கட்டும் டயாட்டம் பாசி வளரவில்லை. வளர்ந்த சிறு பாசியைக் கண்ணுக்குச் சட்டென்று புலப்படாத கடற்பூச்சிகள் மேய்ந்துவிட்டன. ஆழத்துக்குப் போன கரிமம் மிகச் சொற்பம். கடலையே உரமிட்டு விற்கக் கனவு கண்ட நிறுவனங்களின் வாதத்தை எந்தப் போராட்டத்தையும்விட இந்த ஒரு சோதனை அதிகம் பலவீனப்படுத்தியது. புறப்படும்போதே ஜெர்மனியில் எதிர்ப்பு கிளம்பி, அரசு நடுக்கடலில் சோதனையை நிறுத்திவைத்துப் பிறகு அனுமதித்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நிறுத்தியே வைத்திருந்தால் இன்றும் அந்த வியாபாரம் நடந்துகொண்டிருக்கும்.

இதற்கு நேர்மாறான அனுபவமும் உண்டு. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் 'ஸ்கோபெக்ஸ்' குழு, 2021 ஜூனில் ஸ்வீடனின் கிருனாவிலிருந்து ஒரு பலூனை ஏற்றிக் கருவிகளை மட்டும் சோதிக்கத் திட்டமிட்டது. துகள் எதுவும் தூவுவதாக இல்லை. அங்கே காலங்காலமாக மான் மேய்த்து வாழும் சாமி மக்களிடம் முன்கூட்டிப் பேசாததால் அவர்களுடைய பேரவை எதிர்த்தது. திட்டம் தள்ளிப்போய் 2024இல் கைவிடப்பட்டது. அறிவியல் அளவில் அந்தச் சோதனை தீங்கற்றது என்பதே என் கருத்து. ஆனாலும் சாமி மக்கள் கேட்டது நியாயம்: எங்கள் வானத்தில் செய்வதை எங்களிடம் முதலில் சொல்லியிருக்க வேண்டும். மதுரையில் ஒரு தெருவில் கைபேசிக் கோபுரம் வைப்பதற்கே அக்கம்பக்கத்தார் கேள்வி கேட்கிறார்கள் அல்லவா?

பயன்படுத்துவதை ஏன் எதிர்க்கிறேன் என்றால், தொடங்கினால் நிறுத்த முடியாது. படலம் ஓரிரு ஆண்டில் கரைந்துவிடும்; அடியில் சேர்ந்த கரியமில வாயு நூற்றாண்டுகள் இருக்கும். போர், பொருளாதாரச் சரிவு, ஆட்சி மாற்றம் எதனாலாவது தூவுவது திடீரென நின்றால், அதுவரை மறைத்துவைத்த வெப்பம் முழுவதும் சில ஆண்டுகளில் ஏறிவிடும். மேலும் இந்தத் திரை கடலைக் காப்பாற்றாது. கரியமில வாயு கரைந்து கடல்நீர் அமிலமாவது நிற்காது என்பதால், நமக்குப் பக்கத்திலுள்ள மன்னார் வளைகுடாவின் பவளத்துக்குச் சூட்டிலிருந்து மட்டுமே பாதி நிவாரணம் கிடைக்கும்.

கேள்வி: மொட்டை மாடிக்கு வெள்ளையடித்தால் அதுவும் புவிப்பொறியியலா?
– இல்லத்தரசி, செல்லூர்

பதில்: வெயிலைத் திருப்பி அனுப்புவது என்ற அளவில் தத்துவம் ஒன்றுதான். உலகின் வெப்பநிலையை அது இறக்காது. அதற்குக் கூரைகளின் பரப்பு போதாது. உங்கள் வீட்டு மேல்தளத்தை அது சில டிகிரி குளிர்விக்கும், அதுவும் இரவில் காந்தும் கான்கிரீட் தளமாக இருந்தால் வித்தியாசம் நன்றாகவே தெரியும். வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழ்நாடு அரசு 2024இல் அறிவித்திருக்கிறது. சுண்ணாம்பு அடித்தால் ஒவ்வொரு கோடைக்கும் முன்பு மறுபடி அடிக்க வேண்டியிருக்கும். மழைக்காலத்துக்குப் பிறகு பாசி படிந்த தளத்தைத் தேய்த்துக் கழுவிவிட்டு அடியுங்கள்.

கேள்வி: இயற்பியல் முதுகலை படிக்கிறேன். இந்தத் துறையில் இந்தியாவிலிருந்து, அதுவும் மதுரையிலிருந்து, செய்வதற்கு ஏதாவது இருக்கிறதா?
– மாணவி, மதுரை

பதில்: நிறைய இருக்கிறது; ஆய்வகமே தேவையில்லாத வேலை அது. இந்தத் துறையின் தொடக்க ஆய்வுகளில் ஒன்றைச் செய்தவரே மேலே சொன்ன கோவிந்தசாமி பாலாதான். அமெரிக்காவில் பணியாற்றிய காலத்தில், 2000ஆம் ஆண்டில், கென் கால்டெய்ராவுடன் சேர்ந்து அவர் வெளியிட்ட ஆய்வு, சூரிய ஒளியை 1.8 சதவீதம் குறைத்தால் கரியமில வாயு இரட்டிப்பாவதால் வரும் வெப்ப மாற்றத்தைப் பெருமளவு ஈடுகட்டலாம் என்று கணினி மாதிரியில் காட்டியது. இந்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறையும் பிற்பாடு மாதிரி ஆய்வுகளுக்கு நிதி தந்திருக்கிறது. வளரும் நாடுகளின் ஆய்வாளர்கள் தங்கள் வட்டாரத்துப் பாதிப்பைத் தாங்களே கணக்கிடுவதற்கு 'டிகிரீஸ் இனிஷியேட்டிவ்' என்ற அமைப்பு உதவித்தொகை வழங்குகிறது.

'ஜியோமிப்' என்ற கூட்டுத் திட்டத்தின்கீழ் உலகின் பல மாதிரிகள் ஒரே விதிமுறையில் ஓட்டிய கணக்குகளின் முடிவுகள் எவரும் இறக்கிக்கொள்ளும்படி பொதுவில் கிடக்கின்றன. ஒரு நல்ல கணினியும் பைத்தான் என்னும் நிரல் மொழியும் போதும். முதலில், படலம் இல்லாத பழைய ஆண்டுகளுக்கு அந்த மாதிரிகள் தமிழ்நாட்டின் மழையைச் சரியாகக் காட்டுகின்றனவா என்று இந்திய வானிலைத் துறையின் பதிவுகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பல மாதிரிகள் அங்கேயே தேறாமல் போகும். தேறியவற்றைக்கொண்டு, வைகை, பெரியாறு நீர்ப்பிடிப்புகளுக்கு ஜூன் முதல் செப்டம்பர் வரையுள்ள மழையைத் தனியாகவும், அக்டோபர் முதல் டிசம்பர் வரையுள்ள மழையைத் தனியாகவும் எடுங்கள். ஆண்டு மொத்தத்தை எடுத்தால் ஒன்றின் குறைவை மற்றொன்றின் மிகுதி மறைத்துவிடும். மேலூர் விவசாயியின் கேள்விக்கு விடை தேடத் தொடங்க வேண்டியது அந்த இரண்டு பட்டியல்களிலிருந்துதான்.